வாயு என்று சொன்னதற்கு ஒரு பில்

வீட்டை விற்கப்போகிறேன் என்று டாலிவர் வந்து சொன்னபோது என் நாத்தனார் வெர்லீன், சூடுகாட்டிய இரும்புச் சீப்பால் ஒரு பெண்ணின் தலையை நீவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் முன்னறைதான் அவளுடைய பார்லர். பின்னாலிருந்த இரண்டு அறைகளில் அவள் குடியிருந்தாள். எங்கள் டன்பார் ஊரில் கல்யாணமோ சாவோ, ஈஸ்டர் ஞாயிறோ, பெண்களின் தலை அந்த முன்னறைக்குள் நுழையாமல் வெளியே போகாது.

டாலிவர் கெட்டவர் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார்.

"எனக்கு வயசாயிடுச்சு வெர்லீன். மக ஊரோட போய் இருந்துடலாம்னு பாக்கறேன். நாப்பதாயிரம் டாலர் வந்தா போதும். வெளியாள்கிட்ட பேசறதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கணும்ல."

வெர்லீன் சீப்பை அடுப்பு மேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். "பதினெட்டு வருஷமா வாடகைங்கற பேர்ல இந்த வீட்டை ஒருதடவை வாங்கி உங்களுக்கே குடுத்துட்டேன். இப்ப மறுபடியும் வாங்கணுமா? சரி, வாங்கறேன்."

முன்பணத்துக்கு அவளிடம் சேமிப்பு இருந்தது. மீதியைப் பாங்கில் கேட்கலாம் என்று, தேவாலயத்துக்குப் போகும் நீலத் தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

பாங்கில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெய்ஜ் என்ற பெண் மரியாதையாகத்தான் பேசினாள். காகிதங்களைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க வருமானம் பரவாயில்லம்மா. ஆனா கிரெடிட் ரிப்போர்ட்ல ஒண்ணு நிக்குது. ஆஸ்பத்திரி பாக்கி. நாலாயிரத்து முந்நூறு டாலர். வசூல் கம்பெனிக்குப் போயிருக்கு. இது இருக்கறவரைக்கும் ஸ்கோர் ஏறாது."

"வாடகை ஒரு மாசம்கூட நான் தவறினதில்ல. அது அதுல நிக்கலையா?"

"வாடகையெல்லாம் இதுல வராதும்மா."

"குடுத்தது வராது. குடுக்காதது மட்டும் வரும்."

பெய்ஜ் காகிதங்களைத் திருப்பி நீட்டினாள். "அதைக் கட்டிட்டு ரசீதைக் கொண்டு வாங்க, பாக்கலாம்," என்றாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க."

பெய்ஜ் பெயரைச் சொன்னாள். சொல்லவே வேண்டாம். வெர்லீனின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பருத்தி சீசனில், அவள் புருஷன் ஹோரஸுக்கு ஜின்னிங் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்தது. எங்கள் ஊரிலிருந்த ஆஸ்பத்திரியை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். வெர்லீன்தான் அவரைக் காரில் போட்டுக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்கு ஓட்டினாள். அங்கே கவுண்டரில் இருந்தவள் முதலில் நீட்டியது நாற்காலி இல்லை, பேனா. "இதுல கையெழுத்துப் போட்டாத்தான் டாக்டர் பாப்பார்." போட்டாள். புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்?

மத்தியானம் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தங்களுக்குப் பிறகு வந்தவர்கள் தங்களுக்கு முன்னால் உள்ளே போனார்கள் என்று வெர்லீன் பின்னால் சொன்னாள். கடைசியில் ஒரு டாக்டர் வந்து வயிற்றை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"பொரிச்ச கெளுத்தி மீனுங்க."

"அதான். வாயு."

ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை மில்லுக்கு நேரமாகிறதே என்று வெர்லீன் எழுப்பப் போனபோது ஹோரஸ் எழுந்திருக்கவில்லை.

சாவுக்குச் சாப்பாடு செய்து கொண்டுவந்தவர்களின் பாத்திரங்களைக்கூட நாங்கள் கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அதற்குள் பில் வந்துவிட்டது. அவசரப் பிரிவுக் கட்டணம், டாக்டர் கட்டணம், மருந்து. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்ததற்குக் கூலியும் கேட்டார்கள்.

வெர்லீன் அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே போனாள். "என் புருஷனுக்கு நீங்க என்ன வைத்தியம் பாத்தீங்கன்னு சொல்லுங்க, கட்டிடறேன்," என்றாள். அது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். எந்தப் பிரிவு என்றால் அதுவும் தெரியாது என்றார்கள். வழக்குப் போடலாம் என்று நாங்கள் சொன்னோம். உடம்பை அறுத்துப் பார்க்காமலே புதைத்துவிட்டீர்களே, எதை வைத்து நிரூபிப்பது என்று ஒரு வக்கீல் கையை விரித்தார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பில்லை மட்டும் கட்டவில்லை. ஞாபக மறதியாலோ கையில் காசு இல்லாததாலோ அல்ல. கட்டமாட்டேன் என்று தீர்மானித்துத்தான் கட்டவில்லை.

பாங்கிலிருந்து திரும்பினோம். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கடன்னா என்ன ஷானெட்? ஒண்ணை வாங்கிட்டுக் குடுக்காம இருக்கறதுதானே? அவங்ககிட்டருந்து நான் என்ன வாங்கினேன்? போகும்போது உசிரோட ஒரு மனுஷனைக் கூட்டிட்டுப் போனேன். அவங்கதான் எனக்குப் பாக்கி."

அன்று சாயங்காலம் என் புருஷன் டெல்வினிடம் நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு அக்கா என்றால் உயிர். தாய் இறந்தபின் அவனை வளர்த்தவள் அவள்தான். மறுநாளே போய் அவளிடம் பேசினான்.

"கட்டித் தொலைச்சுடுக்கா. அவங்க கேக்கறதுல பாதிக்கு முடிச்சுக்குவாங்க. வீடு முக்கியமா, ரோஷம் முக்கியமா?"

"ரோஷம் இல்லாதவளுக்கு வீடு எதுக்குடா? மாட்டுக்கொட்டாய் போதுமே."

"அத்தான் போய் அஞ்சு வருஷம் ஆச்சு."

"அவர் போய் அஞ்சு வருஷம். நான் இன்னும் போகலைல?"

 வெர்லீன் டாலிவரிடம் சொல்லிக் கொஞ்சம் அவகாசம் வாங்கினாள். வேறு இரண்டு பாங்குகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அதே கறை, அதே உதட்டுக் கடி.

கோடையில் ஒருநாள், பார்லர் நிறைய ஆள் இருந்தபோது, ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து ஒரு உறையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவில் உரக்கப் பாடும் ஃப்ளாஸி அப்போது முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். காது அடைத்திருந்ததால் கத்தினாள்.

"என்னடி வெர்லீன், போலீஸ்காரனும் முடி பின்னிக்க வந்துட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லீன் உறையைப் பிரித்துப் படித்தாள். சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியிடமிருந்து அந்தப் பாக்கியை விலைக்கு வாங்கிய கம்பெனி, வட்டியும் வக்கீல் செலவும் சேர்த்து, அவள்மேல் வழக்குப் போட்டிருந்தது.

இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரன் ஒரு டாலர் பாக்கியைச் சில காசுக்கு விற்றுவிடுகிறான். வாங்கினவன் முழு டாலரையும் கேட்டு வருகிறான். நோயாளியின் முகத்தை அவன் பார்த்ததில்லை. வாயு என்று சொன்ன டாக்டரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. செத்த மாட்டை மொத்தமாக விலைக்கு வாங்கித் தோலை உரிக்கிறவனாவது நேரில் வந்து கையை அழுக்காக்கிக்கொள்கிறான்.

நூலகத்தில் மாதம் ஒருமுறை இலவச சட்ட உதவிக்காரர்கள் வந்து உட்காருவார்கள். அங்கே லாட்டிமர் என்ற வக்கீலிடம் போனோம். தலை நரைத்த மனிதர், கழுத்துப்பட்டையில் காப்பிக் கறை. காகிதத்தைப் படித்துவிட்டு முதலில் முகம் மலர்ந்தார். பிறகு சுருங்கினார்.

"நம்ம மாநிலத்துல ஆஸ்பத்திரி பாக்கிக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்மா. அதுக்கு மேல போனா, நீங்க அதைச் சொல்லி மறுக்கலாம், கேஸ் நிக்காது. அஞ்சு வருஷப் பாக்கிக்கு எப்படித் தைரியமா வந்தாங்கன்னு பாத்தேன். இப்பத்தான் புரியுது. மார்ச் மாசம் நீங்க அம்பது டாலர் கட்டியிருக்கீங்க."

"நானா? ஒரு செல்லாக்காசு குடுத்திருப்பேனா?"

"கட்டினதா இதுல எழுதியிருக்காங்களே. கொஞ்சம் கட்டினாலும், கடனை நீங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். ரெண்டு வருஷக் கணக்கு அன்னியிலருந்து புதுசா ஆரம்பிக்கும். அதுக்குத்தான் போன்ல கெஞ்சுவாங்க, நல்லெண்ணத்துக்கு ஒரு சின்னத் தொகை குடுங்கன்னு. நிறையப் பேர் அப்படித்தான் மாட்டறாங்க."

"பொய். என் பேர்ல பொய் எழுதியிருக்கான்."

"பொய்னா நல்லதுதான். கோர்ட்ல நிரூபிக்கச் சொல்லலாம்," என்றார் லாட்டிமர். பாக்கி காலாவதியானது, பணத்தை நான் கட்டவில்லை என்று ஒரு பதிலை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கி, கோர்ட்டில் கொடுக்கச் சொன்னார். விசாரணைக்கு வர அவரால் முடியாது. ஏழு மாவட்டத்துக்கு அவர் ஒருவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வெர்லீன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் ஊறின கோழி, கீரை, சோள ரொட்டி. அவள் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "எந்தப் பாவியோ என் பேரைச் சொல்லி அந்தத் திருட்டுக் கம்பெனிக்கு அம்பது டாலர் கட்டியிருக்கான்டா டெல்வின். இல்ல, அவனுங்களே எழுதிக்கிட்டானுங்க."

டெல்வின் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டி பாதியில் நின்றது. நான் அவனைப் பார்த்தேன். வெர்லீனும் பார்த்தாள்.

"அக்கா..."

"சொல்லாதடா."

"எனக்குத்தான் போன் பண்ணினான்க்கா. உன்னைப் பிடிக்க முடியலையாம். மைக்குன்னு பேரு சொன்னான், ரொம்பத் தன்மையாப் பேசினான். இப்போதைக்கு அம்பது கட்டினா, உன் பேர்ல இருக்கற கறையை எடுக்க ஏற்பாடு பண்றேன்னான். உனக்குத் தெரியாம மெல்ல மெல்ல நானே கட்டி முடிச்சுட்டா, வீடு கிடைச்ச பிறகு..."

வெர்லீன் எழுந்தாள். அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டில் இருந்ததைக் குப்பையில் வழிக்கும் சத்தம் கேட்டது. வெறும் கையோடு திரும்பி வந்தாள்.

"உங்க அத்தான் செத்ததுக்கு நீ போய் விலை பேசிட்டு வந்திருக்கே. அதுவும் தவணையில."

"அப்படி இல்லக்கா..."

"எழுந்திரு."

அவன் எழுந்து போனான். நானும் எழுந்தேன். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம். எனக்குத் தெரியாமல் வீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தானே என்று அவன்மேல். அன்பினால் செய்த முட்டாள்தனத்துக்கும் துரோகத்துக்கும் வித்தியாசம் பார்க்கவில்லையே என்று அவள்மேல். கொஞ்ச நேரம் கழித்துத்தான், நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கிறோம், அந்த மைக் எங்கேயோ குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்து அடுத்த அக்காவின் தம்பிக்கு டயல் செய்துகொண்டிருப்பான் என்று தோன்றியது. அப்போது வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

லாட்டிமருக்குப் போன் செய்து நான்தான் உண்மையைச் சொன்னேன். "அப்படின்னா உங்க வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு வந்து அதையே சொல்லணும். அவங்களுக்குத் தெரியாம, அவங்க சொல்லாம, வேற ஒருத்தர் கட்டினது அவங்க ஒத்துக்கிட்டதா ஆகாதுன்னு வாதாடலாம். நீதிபதி ஏத்துக்கறது அவர் இஷ்டம்," என்றார்.

வெர்லீனிடம் இதைச் சொன்னேன். "நான் அவனைக் கூப்பிட மாட்டேன்," என்றாள். டெல்வினிடம் சொன்னேன்.  நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் தேவாலயத்திலேயே வேர்த்துப்போகிறவன் அவன்.

விசாரணை ஒரு திங்கட்கிழமை. பார்லருக்கு விடுமுறை நாள். நானும் வெர்லீனும் போனோம். டெல்வின் காலையிலேயே தான் வேலை செய்யும் பருத்தி மில்லுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தான்.

கோர்ட்டு வராந்தாவில் எங்கள் ஊர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், கோழித் தொழிற்சாலை உடுப்போடு வந்தவர்கள், மடியில் குழந்தையோடு இருந்தவர்கள். எல்லாரும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பாக்கிக்காரர்கள். கம்பெனியின் வக்கீல் சாம்பல் நிறக் கோட்டில், கையில் காகிதக் கட்டோடு, ஒவ்வொருவராக ஓரம் கட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேசியவர்கள் கடனை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வெர்லீனிடமும் வந்தார்.

"பாதி குடுத்தா போதும்மா. இங்கேயே முடிச்சுக்கலாம். உள்ள போனா முழுசும் கட்ட வேண்டி வரும்."

"நீங்க என் புருஷனைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்களே."

"உங்க கம்பெனியில யாராவது பாத்திருக்காங்களா?"

"அம்மா, இது அந்த மாதிரி..."

"அப்ப உங்களுக்கும் எனக்கும் பேச்சே இல்லை. அவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அனுப்புங்க."

உள்ளே பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதில் இல்லை. தீர்ப்பு கம்பெனிக்கு. அடுத்த பெயர். பதில் இல்லை. தீர்ப்பு கம்பெனிக்கு. சோளத்தை உதிர்ப்பதுபோல மனிதர்களை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.  இவர்கள் எல்லாரும் வராமல் போனது அலட்சியத்தாலா? கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள். உறையைப் பிரிக்கவே பயந்தவர்கள். வராந்தாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்டவர்கள்.

"வெர்லீன் பெட்டிஸ்!"

"இருக்கேன்!" என்று எழுந்தாள். அவள் குரல் கேட்டு நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அந்தக் காலையில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

வக்கீல் பேசினார். பாக்கி இவ்வளவு, மார்ச்சில் ஒரு பகுதி கட்டியிருக்கிறார், ஆகவே கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"கட்டினீங்களாம்மா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா."

"பிறகு யார் கட்டினது?"

 தம்பியின் பெயரை அவள் சொல்லவில்லை. கோபத்தாலா, காட்டிக்கொடுக்க மனமில்லாமலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நான்தாங்க கட்டினேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

டெல்வின் கதவருகே நின்றிருந்தான். மில் சட்டை, தோளெல்லாம் பஞ்சு. நீதிபதி அவனை முன்னால் வரச்சொல்லிச் சத்தியம் வாங்கினார்.

"உங்க அக்கா கட்டச் சொன்னாங்களா?"

"இல்லைங்க. தெரிஞ்சா கொன்னுருக்கும்."

"உங்ககிட்ட யார் கேட்டாங்க?"

"கம்பெனியிலருந்து போன் வந்துச்சுங்க. அம்பது டாலர் கட்டினா அக்கா பேர்ல உள்ளதை எடுக்க ஏற்பாடு பண்றேன்னாங்க. எடுக்கல. கேஸ் போட்டுட்டாங்க."

சாம்பல் கோட்டுக்காரர் எழுந்தார். "யார் கட்டினா என்னங்க, கணக்கு இவங்க பேர்லதானே..."

"ஏன் இவருக்குப் போன் பண்ணினாங்க? கையெழுத்துப் போட்டது இவரா?"

"எனக்கு அந்த விவரம் தெரியாதுங்க."

"பணம் கட்டினவர் இன்னார்னு உங்ககிட்ட ரசீது இருக்கா? ஆஸ்பத்திரி இந்தப் பாக்கியை உங்களுக்கு வித்ததுக்குப் பத்திரம் இருக்கா?"

வக்கீல் ஒரு தாளைக் காட்டினார். அதில் பெயரும் தொகையும் இருந்தன. வேறொன்றும் இல்லை. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் காலையிலிருந்து அத்தனை பேரையும் உதிர்த்திருந்தார்கள். கேட்க ஆள் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்குத் தெரியாமல் இன்னொருவர் கட்டியது அவள் ஒப்புக்கொண்டதாகாது, பாக்கிக்கு வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது, வழக்குத் தள்ளுபடி என்றார்.

எனக்கு எழுந்து கைதட்டவேண்டும் போலிருந்தது. ஆனால் வெர்லீன் நகரவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வாயுன்னு சொன்னது தப்புன்னு யாராவது எனக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடுப்பாங்களா?"

 நீதிபதி கீழே பார்த்தார். "அது இந்தக் கோர்ட்டு முன்னாடி வரலைம்மா," என்றார்.

"எந்தக் கோர்ட்டு முன்னாடிதான் வருமோ," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

படியில் டெல்வின் நின்றிருந்தான், அருகில் வரப் பயந்துகொண்டு. அவள் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். "நீதிபதி முன்னாடி வர்றவன் ஒரு நல்ல சட்டையாவது போட்டுட்டு வரக்கூடாதா? பஞ்சு மூட்டை மாதிரி வந்து நிக்கறே," என்று அவன் தோளைத் தட்டிவிட ஆரம்பித்தாள். பஞ்செல்லாம் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் குனிந்து நின்று அழுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக முடித்திருப்பேன். மறுவாரம் தள்ளுபடி உத்தரவை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போனோம். பெய்ஜ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கறை அப்படியே இருந்தது.

"கோர்ட்டு வேற, ரிப்போர்ட் வேறம்மா. கேஸ் போட முடியாதுன்னுதான் கோர்ட் சொல்லியிருக்கு. ரிப்போர்ட்ல ஏழு வருஷம் வரைக்கும் நிக்கும். வேணும்னா ரிப்போர்ட் எழுதற மூணு கம்பெனிக்கும் ஆட்சேபணை அனுப்புங்க."

அனுப்பினோம், உத்தரவின் நகலையும் சேர்த்து. இரண்டு கம்பெனிகள் எடுத்துவிட்டன. மூன்றாவது கம்பெனி, விசாரித்தோம், தகவல் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் எழுதியது. யாரிடம் விசாரித்தார்களாம்? வசூல் கம்பெனியிடம். திருடனைக் கூப்பிட்டு, இது உன் பொருள்தானா என்று கேட்டு, அவன் ஆமாம் என்று தலையாட்டியதும் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி எழுதினோம். மறுபடியும் அதே பதில். பாங்க் பார்த்தது அந்த மூன்றாவது ரிப்போர்ட்டைத்தான்.

டாலிவர் தன்னால் முடிந்தவரை காத்திருந்தார். பிறகு அவர் மகள் வந்து, மெம்ஃபிஸ்காரர் ஒருவருக்கு வீட்டை விற்றுவிட்டாள். அந்த மனிதருக்கு எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு வீடு உண்டு. வந்த மாதமே வாடகையை ஏற்றினார். வெர்லீன் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், ஏற்றிய வாடகையைக் கொடுத்துக்கொண்டு. அதுவும் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

ஆனால் திங்கட்கிழமைகளில் அவள் வீட்டில் இருப்பதில்லை. கோர்ட்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறாள். ஆரம்பத்தில் நான் வேண்டாம் என்றேன். "பேரைக் கூப்பிடக் கூப்பிட ஒருத்தரும் வாயைத் திறக்கலையே ஷானெட், அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துல கேக்குது," என்றாள். பிறகு முடிகிற வாரங்களில் நானும் கூடப் போகிறேன்.

போன திங்கட்கிழமை, கோழித் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெஸ்டர் என்பவரைச் சாம்பல் கோட்டுக்காரர் ஓரம் கட்டியிருந்தார். லெஸ்டர் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். வெர்லீன் நடுவில் புகுந்தாள்.

"அண்ணே, உங்க பேரை இன்னும் கூப்பிடல. உள்ள வந்து உக்காருங்க."

வக்கீலுக்கு முகம் சிவந்தது. "நீங்க வக்கீலாம்மா?"

"இல்லைங்க. முடி பின்றவ."

"அப்ப சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. தெரியுமா?"

"நான் எங்க சட்டம் சொன்னேன்? உக்காருங்கன்னேன். கோர்ட்ல பெஞ்சு போட்டிருக்கறது எதுக்காம்?"

லெஸ்டர் ஒருமுறை அவரையும் ஒருமுறை அவளையும் பார்த்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். லெஸ்டர் கையை மட்டும் தூக்கினார். வெர்லீன் முழங்கையால் இடித்தாள். "இருக்கேங்க," என்றார்.

நீதிபதி காகிதங்களைக் கேட்டார். வக்கீல் அதே மாதிரி ஒரு தாளைக் காட்டினார். முழு ஆவணங்களோடு அடுத்த மாதம் வாருங்கள் என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் லெஸ்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கவலையோடு கேட்டார். "அடுத்த மாசமும் வரணுமா? ஒருநாள் கூலி போயிடுமேம்மா."

"போகும்," என்றாள் வெர்லீன். "வாங்க."